தேதி தெரியாவிட்டால் பதினைந்து

போன வாரம் கோர்ட்டு வீதியில் பத்திரம் டைப் அடிக்கிற நம் பழைய அறைக்கு வந்திருந்தேன். நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. நாற்காலி மாறியிருக்கிறது, மெஷின் மாறியிருக்கிறது, மின்விசிறியின் சத்தம் மட்டும் மாறவில்லை. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தீர்கள். அப்போது புதிதாகச் சேர்ந்த பொண்ணு ஒருத்தி, எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாளைக் காட்டிப் பக்கத்துச் சீட்டில் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, இவங்களுக்குத் தேதி தெரியலீங்களாம். என்ன போடட்டும்?"

பக்கத்துச் சீட்டுக்காரி தலையைக்கூடத் திருப்பவில்லை. "மாசம் தெரியுமில்ல? பதினஞ்சு போட்டுட்டு அடுத்ததுக்குப் போ கண்ணு."

நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு போனதாக நினைத்திருப்பீர்கள். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் இல்லை. அந்தப் பதினைந்தை அந்த அறைக்குள் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தி. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும் என்பதால் எழுதித் தருகிறேன். எல்லாரும் படியுங்கள்.

நம் தொழிலில் இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சிங்காநல்லூரில் நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, மில்லில் ஷிப்டு முடிந்து பஞ்சுத்தூசியோடு வந்த அப்பாவிடம் ஹெட்மாஸ்டர் என் பிறந்த தேதியைக் கேட்டார். "நல்ல வெயில் காலமுங்க" என்றார் அப்பா. அவர் ஜூன் ஒன்று போட்டார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதனால் நமக்குக் காலியிடத்தைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. வருடம் மட்டும் தெரிந்தால் ஜூன் ஒன்று, மாதம் தெரிந்தால் பதினைந்து. இதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அம்மை மாதிரி ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றியது.

ரேஷன் கார்டுக்கும் பட்டா மாறுதலுக்கும் அது செல்லும். ஒரு மனுசனின் உயிர் தொங்குகிற காகிதத்தில் செல்லாது என்று எனக்குக் காட்டியவள் எஸ்தர்.

எஸ்தர் இலங்கைப் பொண்ணு, வன்னிப் பக்கம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கி, பிறகு சத்தியமங்கலம் பக்கத்து முகாமில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவள் அண்ணன் வேறு வழியாக ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டுக்குப் போய் அடைக்கலம் கேட்டிருந்தான். ஊரில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடத்தை நடத்தி வந்தவன் அவன். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார்களைக் கூட்டி, படங்களை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பேர் பேராகச் சொல்லி ஜெபம் பண்ணுவான். கூடத்துக்கு அனுமதி இல்லை என்று ஒரு கூட்டம் மிரட்டியது. அந்தப் பேர்களை உரக்கச் சொல்லாதே என்று இன்னொரு கூட்டம் மிரட்டியது. கடைசியில் இரண்டும் ஒன்றாகவே வந்தன. கூடத்தை உடைத்து, இவனைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று நாள் வைத்திருந்து, விலா எலும்பை முறித்து ரோட்டில் போட்டார்கள். அவனைத் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல வந்தவள் தங்கை மட்டும்தான். அண்ணனின் வக்கீலம்மா, தங்கையிடம் சத்தியப் பத்திரம் வாங்கி அனுப்பச் சொல்லி எனக்கு எழுதியிருந்தார். நாம் வாயில் அபிடவிட் என்று சொல்வோமே, அதுதான்.

நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். நான் என் வழக்கப்படி முதலில் நீள நோட்டில் அவள் பேச்சை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டேன்.

"தேதி சொல்லுங்க கண்ணு."

"தேதி ஞாபகமில்லை அக்கா. டிசம்பர்தான். கிறிஸ்மசுக்கு முந்தி. அண்டைக்குக் காலமைதான் மகளுக்கு முதல் பல்லு விழுந்தது."

"பல்லா?"

"ஓம் அக்கா. 'அணிலே அணிலே, இந்தப் பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல்லுத் தா' எண்டு கூரையில எறியிறது எங்கட பழக்கம். கூடத்துத் தகரத்தில எறிஞ்சவள். டங் எண்டு சத்தம் கேட்டது. எல்லாரும் சிரிச்சம். அண்ணாவும் சிரிச்சவர். பிறகுதான் மோட்டர்சைக்கிள் சத்தம் கேட்டது."

எங்கள் பக்கம் பல்லைச் சாணியில் பொதிந்து கூரையில் எறிவோம் என்று நானும் சொன்னேன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "சாணியோடயா? அணில் பாவம் அக்கா" என்றாள்.

அவள் வெளியே பெஞ்சில் காத்திருக்க, நான் ஆங்கிலத்தில் டைப் அடித்தேன். நம் கைத்திறமையைக் காட்டினேன். பல் விழுந்தது, அணில், தகரத்தின் சத்தம், சிரிப்பு எல்லாவற்றையும் வெட்டினேன். கோர்ட்டுக்குப் போகிற காகிதத்தில் குழந்தைப் பல் எதற்கு என்பது என் நினைப்பு. தேதிக்கான இடம் காலியாக இருந்தது. டிசம்பர், கிறிஸ்துமசுக்கு முன்னால். பதினைந்து போட்டேன். படித்துக் காட்டியபோது பல் பற்றி அவள் கேட்டாள். "அதெல்லாம் வேண்டாம் கண்ணு, கேஸ் கனமா இருக்கோணும்" என்றேன். தேதியைப் பற்றி அவள் கேட்கவில்லை. படித்தவள் போட்டால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டரி வக்கீல் முத்திரை குத்தினார். பேருந்துக்கு நேரமாகிறது என்று ஓடினாள். கெடு முடிகிற நாள் என்பதால் வக்கீலம்மாவும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை அப்படியே கொடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்து அண்ணனின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எஸ்தர் வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. "என்ன சொல்லியிருக்கினம் அக்கா, வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றாள்.

வாசித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. பன்னிரண்டு சீடர்களின் பேரை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லையாம், அதனால் அவன் மதப் பற்று சந்தேகத்துக்குரியதாம். விலா எலும்பை முறித்ததைப் பற்றிக் கேட்டபோது தயங்கித் தயங்கிப் பதில் சொன்னானாம், அதனால் கதை கட்டுகிறானாம். தயங்காமல் சொல்லியிருந்தால் மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறான் என்று எழுதியிருப்பார்கள். வேறு ஊருக்குப் போய், யாருக்கும் தெரியாமல், வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணினால் ஆபத்தில்லையாம். சோறு தின்னலாம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்பது போல. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். சூடான அறையில் உட்கார்ந்து, ஒரு மனுசனின் பயத்துக்கு மார்க் போட்டிருக்கிறார்கள்.

இப்படிப் பொரிந்துகொண்டே அடுத்த பத்திக்கு வந்தேன். அங்கே என் வாய் நின்றுவிட்டது.

'உங்கள் தங்கை சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தின்படி தாக்குதல் நடந்தது டிசம்பர் பதினைந்து. உங்கள் கடவுச்சீட்டின்படி நீங்கள் பதின்மூன்றாம் தேதியே விமானம் ஏறிவிட்டீர்கள். ஆகவே இந்தச் சம்பவம் நடக்கவே இல்லை என்று முடிவு செய்கிறோம்.'

மற்ற காரணங்கள் எல்லாம் ஊதினால் பறக்கிற உமி. இது கல். அந்தக் கல்லை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான்.

"ஏன் அக்கா நிப்பாட்டிட்டியள்?" என்றாள் எஸ்தர்.

சொன்னேன். அந்தத் தேதி நீ சொன்னதில்லை, நான் போட்டது என்றேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அண்ணா ரெண்டாம் தேதி எண்டு சொன்னவர் அக்கா. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டும் குடுத்தவர். நான் அவரைப் பொய்யனாக்கிப் போட்டனா?" என்று மட்டும் கேட்டாள்.

மேல்முறையீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதிலும் தோற்றால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரில் விமானம் இறங்கும் இடத்திலேயே காத்திருப்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முத்திரை குத்திய நோட்டரி வக்கீலிடம் ஓடினேன். நல்ல மனுசர் என்று இருபது வருடம் நம்பியிருந்தவர்.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்திருக்கீங்களே அம்மணி. டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. முடிஞ்சு போச்சு."

"ரெண்டு அடிக்கப் போயி பதினஞ்சு உழுந்துருச்சுன்னா நம்பற மாதிரியாங்க இருக்குது?"

"அப்ப அந்தப் பொண்ணே தப்பாச் சொல்லிப்போட்டான்னு எழுதுங்க. அழுதுட்டே சொன்னா, கொழப்பிட்டான்னு. முகாம்ல இருக்கற புள்ள, அது எங்க போயிக் கேக்கப் போகுது?"

"அவ தேதி தெரியாதுன்னு சொன்னது என் நோட்டுல இருக்குதுங்க."

அவர் பேனாவை மூடினார். "அந்த நோட்டு இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க அம்மணி. உங்களுக்கும் தெரியாம இருந்தா உங்களுக்கு நல்லது. சத்தியப் பத்திரத்துல இல்லாததச் சேத்தேன்னு நீங்க ஒத்துக்கிட்டா, நாளைக்கு உங்க காயிதத்த எவன் நம்புவான்? என் முத்திரைய எவன் நம்புவான்?"

கண்ணுகளா, அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு அதிகக் கோபம் மூட்டியது. தப்பு செய்தது படித்த நாங்கள் இரண்டு பேர். பழி சுமக்க ஆள் தேடியபோது, எங்கள் இரண்டு பேர் கண்ணும் முகாமில் இருக்கிற பொண்ணு மேல்தான் முதலில் போய் நின்றது. ஆமாம், என் கண்ணும்தான். அவர் அதைச் சொல்வதற்கு முன்னால், பேருந்தில் வரும்போது, அந்த எண்ணம் எனக்கும் ஒரு நிமிடம் வந்து போனது. அதை மறைத்து உங்களுக்கு நான் புத்தி சொன்னால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகிவிடும்.

ஒரு காலியிடத்தில் பொய்யை நிரப்பியதால் வந்த வினை இது. அதை மூட இன்னொரு பொய்யை நிரப்ப என் கை வரவில்லை. அன்று மாலையே அண்ணனின் வக்கீலம்மாவோடு கணினியில் பேசினேன். நோட்டைப் பிரித்து, எஸ்தர் சொன்னதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். தேதி ஞாபகமில்லை, டிசம்பர், பல் விழுந்தது, அணில், தகரத்தில் சத்தம்.

வக்கீலம்மா கையைத் தூக்கினார். "நிறுத்துங்கள். அந்தப் பல்லை இன்னொரு முறை வாசியுங்கள்."

வாசித்தேன். அவர் தன் பக்கத்தில் ஒரு கட்டுக் காகிதத்தைப் புரட்டினார். அது அண்ணன் அந்த நாட்டில் இறங்கியதும் முதன்முதலில் கொடுத்த வாக்குமூலம். அதில் அவன் சொல்லியிருக்கிறான்: 'தங்கையின் குழந்தை பல்லைக் கூரையில் எறிந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது வந்தார்கள்.'

அண்ணன் ஒரு கண்டத்தில், தங்கை ஒரு கண்டத்தில். ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே பல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? அண்ணன் சொன்ன பல்லை அந்த அதிகாரி தேவையில்லை என்று தன் முடிவில் விட்டுவிட்டார். தங்கை சொன்ன பல்லைத் தேவையில்லை என்று நான் வெட்டிவிட்டேன். அந்த அதிகாரியைத் திட்டத் திறந்த வாயை நான் அன்றைக்குத்தான் மூடினேன். உண்மையை வெட்டியதில் அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குமேல் பொய்யை ஒட்டியது நான் மட்டும்தான்.

"இந்த நோட்டு வேண்டும்" என்றார் வக்கீலம்மா. "ஆனால் இது வந்தால் நீங்களும் வரவேண்டும். உங்களைச் சும்மா விடமாட்டார்கள்."

"உப்பைத் தின்னவ தண்ணி குடிக்கோணுமுங்க" என்றேன். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர் புரிந்துகொண்டார்.

விசாரணை அன்றைக்கு, உக்கடத்தில் தெரிந்தவர் ஒருத்தரின் அலுவலகத்தில் கணினி வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் நோட்டரி வக்கீல் தன் அறையைத் தர மறுத்துவிட்டார். முதலில் எஸ்தர் உள்ளே போனாள். ஒரு சாட்சி பேசுவதை இன்னொரு சாட்சி கேட்கக்கூடாது என்பதால் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே பேருந்துகள் திரும்புகிற சத்தம். அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. என்னிடம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள் போல. என் தோளைத் தொட்டுவிட்டுக் கடந்து போனாள்.

எனக்கு ஆங்கிலம் வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், தமிழில் பேசுகிறேன் என்றேன். ஆங்கிலத்தில் பேசினால் பழக்க தோசத்தில் எதையாவது அழகுபடுத்திவிடுவேன் என்று பயம்.

அரசாங்கத் தரப்பு வக்கீல் இளைஞர். குரலை உயர்த்தவே இல்லை.

"சத்தியப் பத்திரத்தில் இருக்கும் தேதியைச் சாட்சி சொல்லவில்லை என்கிறீர்கள்?"

"சொல்லலீங்க. நான் போட்டது."

"தெரிந்தே போட்டீர்களா?"

"தெரிஞ்சேதானுங்க. தேதி தெரியாதவங்களுக்குப் பதினஞ்சு போடறது எங்க வழக்கமுங்க."

"வழக்கம் என்றால், வேறு பத்திரங்களிலும் போட்டிருக்கிறீர்கள். இந்த நாட்டுக்கு வந்தவற்றிலும்."

அவர் வலை விரித்தது எனக்குத் தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் தப்பித்துவிடலாம். என் காகிதங்களை நம்பி வேறு நாடுகளில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் எல்லாம் வந்து போனது. ஆமாம் என்றால் அவர்களுக்கு என்ன ஆகும்? இல்லை என்றால் இந்த நோட்டுக்கு என்ன மதிப்பு? தண்ணீர் குடித்தேன். தம்ளர் பல்லில் இடித்தது.

"போட்டிருக்கேனுங்க."

"பொய்த் தேதி போடுகிறவர் எழுதிய நோட்டை மட்டும் நீதிமன்றம் ஏன் நம்ப வேண்டும்?"

"பத்திரம் ஊருக்குக் காட்ட எழுதுறதுங்க. நோட்டு எனக்காக எழுதுறது. இது என்னைய யோக்கியம்னு சொல்ற நோட்டு இல்லீங்க, என் திருட்டக் காட்டிக் குடுக்கற நோட்டு. பொய் எழுதுறவ தனக்கு எதிராவா எழுதி வெப்பா?"

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் அந்த அம்மா, நீதிபதி, முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நோட்டின் அந்தப் பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நீள நோட்டு மடங்கி விழுந்ததால் எழுத்து தெரியவில்லை. எஸ்தரை மறுபடி கூப்பிட்டு, நோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

ஐந்து வாரம் கழித்து எஸ்தர் கூப்பிட்டாள். "அக்கா, அண்ணாவை இருக்கச் சொல்லிட்டினம்" என்றாள். அதற்குமேல் அழுகைதான். தீர்ப்பைப் பிறகு படித்தேன். தேதி தவறுக்குக் காரணம் சாட்சி அல்ல, பத்திரம் தயாரித்தவர் என்று எழுதியிருந்தார்கள். பல்லைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது. நான் ஒரு வரிகூடத் தராத பல்லுக்கு ஒரு பத்தி.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

அதற்கடுத்த வாரம் அலமாரியில் இருந்த பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். வெளிநாட்டு அடைக்கல வழக்குகளுக்கு நான் எழுதிய பத்திரங்களை எடுத்து, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கெல்லாம் பதினைந்து இருந்ததோ, அங்கெல்லாம் சம்பந்தப்பட்டவருக்கும் வக்கீலுக்கும் கடிதம் எழுதினேன். இந்தத் தேதி என்னுடையது, அவர்களுடையது அல்ல என்று. பலருக்கு அது ஒன்றும் பாதிக்கவில்லை. சிலருக்கு உதவியது. வெளிநாட்டு வக்கீல்கள் எனக்கு வேலை தருவதை நிறுத்திக்கொண்டார்கள். அது நியாயம்தான். நோட்டரி வக்கீல் வீதியில் பார்த்தாலும் பேசுவதில்லை. அதுவும் போகட்டும்.

ஒரு கடிதம் மட்டும் திரும்பி வந்தது. அந்த ஆளின் வக்கீல் மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதியிருந்தார். 'தேதி முரண்பாடு காரணமாக மேல்முறையீடு தள்ளுபடி. சென்ற ஆண்டே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். தற்போதைய இருப்பிடம் தெரியவில்லை.'

என் நோட்டில் அந்த ஆளின் பக்கம் இருக்கிறது. கொண்டுவந்து அறையில் மேசை மேல் வைத்திருக்கிறேன், பாருங்கள். அவர் சொன்னது இது: 'தேதி தெரியாதுங்க. அன்னைக்கு எங்க வீட்டுல மாடு கன்னு போட்டிருந்துச்சு. சீம்பால் காய்ச்சி அடுப்புல இருந்துச்சு.' நான் மாட்டையும் சீம்பாலையும் வெட்டிவிட்டுப் பதினைந்து போட்டிருக்கிறேன்.

அன்றைக்குத் தேதி கேட்ட பொண்ணே, உனக்குத்தான் சொல்கிறேன். 'தேதி நினைவில்லை' என்று டைப் அடி கண்ணு. அடித்துவிட்டு, எதிரில் இருக்கிற அம்மாளிடம் அன்றைக்கு அடுப்பில் என்ன இருந்தது என்று கேள்.